மனம் தேறும்போது நினைவு என்ன ஆகிறது?

தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. இவை மூன்றும்தான் வைத்தியம். 1952இல் ஐசோநயசிட் வந்து இதையெல்லாம் மாற்றிவிட்டது. 1956இல் சென்னையில் காசநோய்க்கான வேதிச்சிகிச்சை ஆய்வு மையம் அமைந்தது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் சேர்ந்தவர்களுக்கு இணையாகவே குணமாகிறார்கள் என்று அந்த மையம் 1959இல் உலகத்துக்கு எடுத்துக்காட்டியது.

அதே மருந்துக் குடும்பத்தில் ஐப்ரோநயசிட் என்று இன்னொன்று இருந்தது. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ காசநோய் மருத்துவமனையில் 1952இல் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்ந்து கிடந்த நோயாளிகளுக்குப் பசி எடுத்தது, பேச்சு வந்தது, சிலர் வார்டிலேயே ஆடினார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனத்தைத் தொட்டிருந்தது. 1957இல் நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவர் அதை மனச்சோர்வுக்கே கொடுத்தார். அதே காலகட்டத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன், இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிக்கிறது என்று கண்டார். மனச்சோர்வுக்கு மாத்திரை என்ற யுகம் இப்படித்தான் பிறந்தது.

காசநோய்க்கு மாத்திரை வந்ததும் சானடோரிய வைத்தியத்துக்கு வேலையில்லாமல் போனது. மனச்சோர்வுக்கு மாத்திரை வந்த பிறகோ, அதற்கு முன்பிருந்த வைத்தியம் போகவில்லை. ஜனங்கள் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’, ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் மின்னதிர்வு சிகிச்சை 1938இலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க நடக்கிறது. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக இ.சி.டி. என்பார்கள். இத்தனை மாத்திரைகள் வந்த பிறகும் அது ஏன் தேவைப்படுகிறது, அதற்கு நினைவு கொடுக்கும் விலை என்ன என்ற இரண்டு கேள்விகளையும் இந்த அத்தியாயத்தில் சேர்த்தே பார்க்கப் போகிறோம். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பேசினால் நோயாளிக்கு உண்மையில் பாதிதான் போய்ச் சேரும்.

யாருக்கு இந்தச் சிகிச்சை

சேலையூரில் 55 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதமாகத் தூக்கமில்லை. சமையலை விட்டார், பிறகு குளிப்பதை விட்டார், இப்போது சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். ‘நான் செஞ்ச பாவத்துக்கு என் குடல் அழுகிப்போச்சு, சோறு எங்கே போகும்?’ என்கிறார். உடம்பில் அப்படி ஒரு கோளாறும் இல்லை. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுத்தாயிற்று. எடை பத்துக் கிலோ குறைந்துவிட்டது. சாவதைப் பற்றிப் பேசுகிறார்.

சாதாரண மனச்சோர்வுக்கு யாரும் இ.சி.டி.யில் தொடங்குவதில்லை. பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரைகளும்தான் முதலில். மாத்திரைக்கு வேலை காட்டச் சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் சோறு தண்ணீர் இறங்காத ஒருவருக்குக் காத்திருக்க அத்தனை வாரங்கள் இல்லை. பொய்யான நம்பிக்கைகளோடு சேர்ந்து வரும் கடும் மனச்சோர்வு, பேச்சு மூச்சில்லாமல் உறைந்துபோகும் கேட்டடோனியா, ஓயாத தற்கொலை எண்ணம், மாத்திரைக்கு அசையாத சோர்வு ஆகிய நிலைகளில்தான் இந்தச் சிகிச்சையின் பேச்சு வருகிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் நன்றாகவே பலன் தருகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

தாம்பரத்துக் குடும்பத்துக்குத் தடை தூரம் அல்ல. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம் இருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோரம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கே போய்விடலாம். 1794இல் தனியார் மனநோய் இல்லமாகத் தொடங்கிய நிறுவனத்தின் தொடர்ச்சி அது. தடையாக நிற்பது, கோபம் வந்தால் ‘உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்’ என்று ஏசும் ஊர் வாய்தான். அதோடு, கைகால் கட்டப்பட்டுக் கத்தும் ஒருவருக்குக் கரண்ட் வைப்பதாகச் சினிமா காட்டிய காட்சிகளும் சேர்ந்துகொள்கின்றன. அறைக்குள் நிஜமாக என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

அறைக்குள்

முந்தைய இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. காலையில் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை தோலோடு ஒட்டாது, மின்தடை கூடிவிடும். மூக்குத்தி, வளையல், பொய்ப்பல் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். நகப்பூச்சையும் துடைத்துவிடுவார்கள், விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் சரியாகக் காட்ட வேண்டுமே.

கை நரம்பில் தயோபென்டோன் அல்லது புரோபோஃபால் ஏறியதும் அரை நிமிடத்தில் தூக்கம். அடுத்துச் செய்வதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, பி.பி. பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்குகிறார்கள். அதன் பிறகே தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி. மருந்து உடம்பெங்கும் பரவுகிறது, இறுக்கிய பட்டைக்குக் கீழே இருக்கும் பாதத்துக்கு மட்டும் போவதில்லை. மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடுவதால், மயக்க மருத்துவர் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பற்களுக்கிடையே ரப்பர் கட்டை வைக்கிறார்கள்.

பொத்தானை அழுத்துகிறார்கள். சுமார் 0.8 அல்லது 0.9 ஆம்பியர் மின்னோட்டம், ஒவ்வொன்றும் 1 மில்லிநொடியோ அதற்கும் குறைவாகவோ நீளும் துடிப்புகளாகச் சில நொடிகள் பாய்கிறது. உடம்பு கட்டிலில் அசையாமல் கிடக்கிறது. அந்த ஒரு பாதம் மட்டும் விறைத்து நீண்டு, பிறகு துடிக்கத் தொடங்குகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய் நின்றுவிடுகிறது. டாக்டர் நொடிகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறார். 20 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை அந்த வலிப்பு நீடிக்கலாம். பக்கத்தில் இ.இ.ஜி. கோடுகள் கூர்கூராக எழும்பித் தட்டையாகின்றன. பாதம் கண்ணுக்குக் காட்டியதும் இ.இ.ஜி. தாளில் காட்டியதும் ஒன்றுதான்: மூளை முழுவதும் பரவி, தானே அடங்கிய ஒரு வலிப்பு.

சில நிமிடங்களில் மூச்சு தானாக வருகிறது. கால் மணி நேரத்தில் கண் திறக்கிறார். எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. தலைவலி, உடம்பு வலி, குமட்டல் வரலாம். வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை, மொத்தம் 6 முதல் 12 தடவை என்பதே வழக்கம். இதில் உயிராபத்து லட்சம் சிகிச்சைக்குச் சுமார் 2 என்கின்றன பல நாட்டுப் பதிவுகளைத் தொகுத்த ஆய்வுகள். சிறிய அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் உள்ள ஆபத்தைவிட இது அதிகம் என்று சொல்ல முடியாது.

பயத்துக்குக் காரணம் உண்டு

இந்தச் சிகிச்சை பிறந்தது ஒரு தவறான ஊகத்தில். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று எதிரி, இரண்டும் ஒரே ஆளிடம் தங்காது என்று புடாபெஸ்ட்டில் லடிஸ்லாஸ் மெடூனா நம்பினார். 1934இல் கற்பூரத்தை ஊசியில் ஏற்றி வலிப்பை வரவழைத்தார். ஊகம் பொய். ஆனால் உறைந்து கிடந்த சில நோயாளிகள் எழுந்து நடமாடியது மெய். ரோமில் ஊகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் 1938இல் ஊசிக்குப் பதில் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். மனச்சிதைவைவிட மனச்சோர்வில்தான் இது வெகுவாக வேலை செய்கிறது என்பது போகப்போகத் தெரிந்தது.

தொடக்கத்தில் மயக்க மருந்தும் இல்லை, தசைத் தளர்ச்சியும் இல்லை. நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, உடம்பு முழுவதும் வலிப்பில் துடிக்கும். மேலைநாடுகள் இதைக் கைவிட்டு வெகு காலம் ஆன பின்னும், மயக்க மருத்துவர்கள் போதவில்லை என்ற காரணத்தால் இந்தியாவின் பல இடங்களில் அது தொடர்ந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தங்கள் பதிவுகளையே எடுத்து ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். 1980 முதல் 1990 வரை 1,835 பேருக்கு இப்படிக் கொடுத்த 13,597 சிகிச்சைகளில் 12 பேருக்கு முதுகெலும்பில் முறிவு. பெரிய விளைவுகள் இல்லாத முறிவுகள் என்று அவர்கள் எழுதினார்கள். என்றாலும், ஒரு ஊசியால் தவிர்த்திருக்கக்கூடிய முறிவு ஒவ்வொன்றும் ஒரு மனிதருடைய முதுகில் நேர்ந்தது. சினிமாவுக்கு முன்பே பயம் ஊரில் இருந்ததற்கு இதுவும் காரணம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பது குற்றம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பாதுகாவலர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரிலும் கொடுக்கக் கூடாது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது.

மனம் எவ்வளவு தேறுகிறது

மயக்க மருந்தும், கூடியிருக்கும் மருத்துவர்களும், தேறிவிடுவோம் என்ற நம்பிக்கையுமே வேலை செய்கின்றனவா, வலிப்புக்கு வேலையே இல்லையா? நியாயமான சந்தேகம். இதைத் தீர்க்க, சிலருக்கு மயக்க மருந்து மட்டும் கொடுத்து மின்சாரம் பாய்ச்சாமல் விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுகிறவருக்கும் தெரியாது. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை 1980இல் வெளியிட்ட முடிவு: நான்கு வார முடிவில், நிஜமாக மின்சாரம் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அதிலும் பொய்யான நம்பிக்கைகளோடு இருந்தவர்களிடம்தான் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பும் ஒன்றாகிவிட்டன.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பி.என். கங்காதரும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் இன்னொரு விதமாகச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜ இ.சி.டி.யும் போலி மாத்திரையும், மறு பிரிவுக்குப் போலி இ.சி.டி.யும் நிஜ இமிப்ரமினும். இரு பிரிவினரும் தேறினார்கள். இந்தியாவின் இ.சி.டி. ஆய்வுக்கு நிம்ஹான்ஸ் ஒரு மையமாக வளர்ந்ததற்கு இத்தகைய வேலைகள் அடித்தளம்.

கடும் மனச்சோர்வில் இ.சி.டி.யின் வலிமை அதன் வேகம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், சிகிச்சைக்கு முன் தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்த 131 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வாரத்தில் 38 சதவீதம் பேரிடம் அந்த எண்ணம் முற்றிலும் அடங்கியது. இரண்டு வாரத்தில் 61 சதவீதம், சிகிச்சை முடியும்போது 81 சதவீதம். 2022இல் மட்டும் 19,834 பேரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தது தமிழ்நாடு என்கிறது தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ‘இரண்டு வாரம்’ எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஆனால் தேறியது அப்படியே நிற்காது. 2001இல் ஹெரால்ட் சாக்கெய்ம் குழு இதை அளந்தது. இ.சி.டி.யால் முழுதாகத் தேறியவர்களில், பிறகு போலி மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 சதவீதம். அதோடு லித்தியமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 39 சதவீதம். ஆகவே இ.சி.டி. ஒருவரைக் கிணற்றுக்குள்ளிருந்து வெளியே தூக்கிவிடும், மறுபடி விழாமல் காப்பது தொடர் மருந்தும் கவனிப்பும்தான். ‘கரண்ட் வெச்சு சரியாயிடுச்சு, மாத்திரை எதுக்கு?’ என்று நிறுத்திவிடும் வீடுகளில்தான் நோய் சீக்கிரம் திரும்புகிறது.

வலிப்பு எப்படி மனத்தைத் தேற்றுகிறது? சிகிச்சை தொடரத் தொடர, வலிப்பை வரவழைக்கக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. அதாவது வலிப்பை அடக்கும் திறனை மூளை தன்னிடமே வளர்த்துக்கொள்கிறது. அந்த அடக்கும் முயற்சியே பலனுக்கு வழி என்பது ஒரு விளக்கம். நரம்பணுக்களை வளர்க்கும் புரதங்கள் கூடுகின்றன என்பது இன்னொன்று. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சிகிச்சைக்குப் பிறகு அளவில் சற்றுப் பெருத்திருப்பதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. கரண்ட் மூளையைக் கருக்கிவிடும் என்ற பேச்சுக்கு அது நேர் எதிர். ஆனால் எவ்வளவு பெருக்கிறதோ அவ்வளவு மனம் தேறுகிறது என்று கணக்குப் போட முடியவில்லை.

நினைவு

இப்போது சேலையூர் அம்மாவின் மகள் கேட்பதைக் கேட்போம். சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

“டாக்டர், அம்மாவுக்கு நாங்க யாருன்னே தெரியாம போயிடுமா?”

“அப்படி ஆகாதும்மா. உங்களையும் தெரியும், வீட்டையும் தெரியும், சமையலும் மறக்காது. ஆனா இந்த நாலு மாசத்துல நடந்ததுல சிலது அவங்களுக்குத் திரும்ப வராமலே போகலாம். அதை இப்பவே சொல்லிடறேன்.”

இந்தப் பதில் சரியானது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஆய்வு இருக்கிறது.

நினைவு இழப்பு இரண்டு வகை. சிகிச்சை நடக்கும் வாரங்களில் புதிதாகக் கேட்டது தங்காமல் போவது முதல் வகை. காலையில் வந்துபோன தம்பி மாலையில் நினைவில் இருக்க மாட்டார், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். இது போய்விடும். மரியா செம்கோவ்ஸ்காவும் டெக்லன் மெக்லாக்லினும் 2010இல் 84 ஆய்வுகளைத் தொகுத்தார்கள், மொத்தம் 2,981 நோயாளிகள். சோதனைகளில் தெரிந்த குறைகள் பெரும்பாலும் கடைசிச் சிகிச்சைக்குப் பிந்தைய மூன்று நாட்களுக்குள் அடங்கின. பதினைந்து நாட்களுக்குப் பிறகு, மனத்தின் வேகம், புதிதாக மனதில் இருத்துவது உள்ளிட்ட பல திறன்கள் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட மேலாக இருந்தன. இதில் வியப்பில்லை. கடும் மனச்சோர்வே நினைவைக் குலைக்கும் நோய்தான். வயதானவர்களில் சில நேரம் அது மறதி நோய் என்றே எண்ணவைக்கும் அளவுக்குப் போகும்.

இரண்டாவது வகை, சிகிச்சைக்கு முன் நடந்தவை அழிவது. இதற்கு ஒரு சரிவு உண்டு. அமெரிக்காவில் லாரி ஸ்குவயர் 1970களில் அதை அழகாகக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு சீசன் மட்டும் ஓடி நின்றுபோன தொலைக்காட்சித் தொடர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டார். அவற்றை மறு ஒளிபரப்பில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு, ஆகவே அந்தப் பெயர் எந்த ஆண்டில் மனதில் ஏறியது என்று திட்டமாகச் சொல்லலாம். சிகிச்சைக்குப் பிறகு சோதித்தபோது கடைசி மூன்று ஆண்டுகளில் வந்த தொடர்கள் மங்கியிருந்தன. அதற்கு முந்தையவை அப்படியே இருந்தன. மாதங்கள் செல்ல, மங்கியவற்றில் பெரும்பகுதி திரும்பியது. சிகிச்சையை ஒட்டிய காலத்தில்தான் நிரந்தர ஓட்டைகள் விழுந்தன.

பூசிய சுவர் ஈரம் காய்ந்து இறுக நாள் பிடிப்பதுபோல, நினைவும் பதிந்து இறுக மாதங்கள், ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஹிப்போகாம்பஸ் அந்தப் பணியின் நடுவில் இருக்கும்போது வலிப்பு வந்து குறுக்கிடுகிறது. பழையவை இறுகிவிட்டன, புதியவை இன்னும் ஈரமாக இருக்கின்றன.

இன்னொரு நுணுக்கமும் தெரியவந்தது. சாரா லிசன்பியும் குழுவினரும் 2000இல் காட்டியபடி, சொந்த வாழ்வின் நிகழ்ச்சிகளைவிட ஊருலகச் செய்திகள்தான் அதிகம் அழிகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. அந்த அதிர்ச்சியோடு மனச்சோர்வில் விழுந்து, 2016 தொடக்கத்தில் இந்தச் சிகிச்சை பெற்ற முடிச்சூர்க்காரர் ஒருவர் இருந்தால், இரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடி ஏறியது அவருக்கு நினைவிருக்கலாம். விமான நிலையத்தைப் பல நாள் மூடியிருந்தார்கள் என்ற செய்தி அவருக்குப் புதிதாகத் தோன்றலாம். படகில் வந்து தூக்கிய முகத்தையும் அவர் இழந்திருக்கலாம். சரிவு என்றால் சராசரி. எந்த ஒரு நினைவு தங்கும், எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் ஆகாது.

சோதனைகளில் மேலே சொன்ன நல்ல முடிவுகள் வரும்போது, நோயாளிகளில் கணிசமானோர் வேறு கதை சொல்கிறார்கள். லண்டனில் டயானா ரோஸ் குழு 2003இல் நோயாளிகளின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்த ஆய்வுகளைத் தொகுத்தது. இந்தச் சிகிச்சையைத் தாங்களே பெற்றவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். நினைவு நிரந்தரமாக இழந்ததாகச் சொன்னவர்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. சிகிச்சை முடிந்த கையோடு மருத்துவரே கேட்கும்போது ‘பரவாயில்லை’ என்ற பதில் அதிகமாகவும், நாள் கழித்து வெளியாள் கேட்கும்போது குறைவாகவும் வந்தது.

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. மருத்துவமனைச் சோதனைகள் பெரும்பாலும் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்பவை. அது திரும்பிவிடுகிறது. மகளின் நிச்சயதார்த்தத்தில் தான் என்ன பேசினோம் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அது போனால் போனதுதான். சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் தன் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ‘இதெல்லாம் நான் இருந்த இடமா?’ என்று கேட்டால், அவருடைய இழப்பைக் கற்பனை என்று தள்ள நமக்கு உரிமை இல்லை.

விலையைக் குறைக்கலாம்

இந்த இழப்பின் அளவு விதி எழுதியதல்ல. எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்லாத எந்த விளக்கமும் முழுமையாகாது.

மின்முனைகளை இரண்டு நெற்றிப்பொட்டிலும் வைக்கலாம், வலப்பக்கம் மட்டும் வைக்கலாம். பெரும்பாலோருக்கு மொழி சார்ந்த நினைவு இடப்பக்க மூளையில் இருப்பதால், வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறைகிறது. பலன்? 1993இல் சாக்கெய்ம் குழு 96 பேரிடம் சோதித்தது. வலப்பக்கத்தில், வலிப்பு வரும் எல்லையைச் சற்றே தாண்டிய மின்சாரம் கொடுத்தபோது 17 சதவீதம் பேரே தேறினார்கள். இருபக்கமும் வைத்தபோது 65 சதவீதம். இரு பிரிவிலும் வலிப்பு முறையாகவே வந்தது. வலிப்பு மட்டும் போதாது, எங்கே, எவ்வளவு மின்சாரம் என்பதும் முக்கியம் என்று அன்று தெளிவானது. 2000இல் அதே குழு வலப்பக்கத்தில் எல்லையைப் போல் ஆறு மடங்கு கொடுத்தது. பலன் இருபக்க முறையை எட்டியது. மறதி அதைவிடக் குறைவாகவே இருந்தது.

மின்னலையின் வடிவமும் கணக்கில் வரும். வீட்டு மின்சாரம் போல அலையலையாகப் பாயும் பழைய இயந்திரங்கள் தேவைக்கு மேல் மின்சாரத்தை மூளைக்குள் தள்ளின. 2007இல் நியூயார்க் வட்டாரத்தின் ஏழு மருத்துவமனைகளில் 347 பேரைப் பின்தொடர்ந்தபோது, அந்த அலைமுறையும் இருபக்க முறையும் பெற்றவர்களே ஆறு மாதத்துக்குப் பிறகும் அதிகம் இழந்திருந்தார்கள். குறுந்துடிப்பு இயந்திரங்கள் அந்தச் சுமையைக் குறைக்கின்றன. துடிப்பு இன்னும் குறுகினால் மறதி இன்னும் குறையும், அதற்குப் பதில் பலன் கிடைக்கக் கூடுதல் தடவைகள் தேவைப்படலாம். வாரத்துக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு தடவை கொடுப்பதும் நினைவுக்கு நல்லது.

உயிர் ஊசலாடும்போது இருபக்க முறையின் வேகம் வேண்டியிருக்கும். ஓரளவு அவகாசம் இருந்தால் வலப்பக்கம். மாற்று வழிகளும் வளர்கின்றன. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பொய்யான நம்பிக்கைகள் இல்லாத, மருந்துக்கு அசையாத மனச்சோர்வில் நரம்பு வழியாகக் கெட்டமின் என்ற மயக்க மருந்தைப் பெற்றவர்களில் 55 சதவீதம் பேரும், இ.சி.டி. பெற்றவர்களில் 41 சதவீதம் பேரும் பலன் கண்டார்கள். கெட்டமின் பிரிவில் நினைவுக் குறையும் குறைவு. சேலையூர் அம்மாவைப் போல குடல் அழுகிவிட்டதென்று நம்பிச் சோறு தள்ளுகிறவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. அவர்கள் அந்த ஆய்விலேயே இல்லை.

சம்மதம் என்பது

ஆக, படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் குடும்பம் கேட்க வேண்டியவை சிலவே. மின்முனை எங்கே வைக்கப் போகிறீர்கள், ஏன்? இயந்திரம் குறுந்துடிப்பு வகையா? இப்போது அம்மாவின் நினைவைச் சோதித்துக் குறித்துவைப்பீர்களா, நடுவிலும் முடிந்த பிறகும் திரும்பச் சோதிப்பீர்களா? மறதி கூடினால் என்ன மாற்றுவீர்கள்? முடிந்த பிறகு நோய் திரும்பாமல் இருக்க என்ன மருந்து? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எந்த நல்ல மருத்துவரும் தயங்க மாட்டார்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. சிகிச்சை தொடங்கும்முன் கடந்த ஓராண்டின் முக்கிய நிகழ்ச்சிகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பது. யார் வீட்டுக் கல்யாணம், எந்த வங்கியில் எந்தக் கணக்கு, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், போன் பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். வண்டி ஓட்ட விடாதீர்கள். ‘மறந்துட்டியா?’ என்று சோதித்துப் பார்க்காதீர்கள், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

‘மறதியெல்லாம் ஒண்ணும் வராது’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் மருத்துவரும், ‘மூளையையே அழிச்சிடுவாங்க’ என்று தடுத்து நிறுத்தும் உறவினரும் ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள். முன்னவர் நோயாளியின் நம்பிக்கையைப் பறிக்கிறார், பின்னவர் சில நேரம் உயிரையே பறிக்கிறார். மனச்சோர்வு நிஜம், அது கொல்லும். இ.சி.டி.யின் பலன் நிஜம், வேகமானது, தொடர் மருந்து இல்லாவிட்டால் நிலைக்காது. நினைவு கொடுக்கும் விலையும் நிஜம். பெரும்பாலோருக்கு அது சில மாதங்களின் ஓட்டைகள், சிலருக்கு அதைவிடப் பெரியது, எல்லாருக்கும் கவனமாகச் செய்தால் குறையக்கூடியது. இவை மூன்றையும் ஒன்றாகக் கேட்டபின் நோயாளி சொல்லும் ‘சரி’யும் சம்மதம், ‘வேண்டாம்’ என்பதும் மதிக்க வேண்டிய முடிவு. அவரால் முடிவெடுக்க முடியாத அளவு நோய் முற்றியிருந்தால், அவர் முன்பு எழுதிவைத்ததையும் அவர் நியமித்த பிரதிநிதியையும் கேட்கச் சட்டம் சொல்கிறது.

சாவைப் பற்றிப் பேசும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அது இ.சி.டி.யா மாத்திரையா என்று நீங்கள் முடிவு செய்யக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. முதலில் அந்த அழைப்பு, பிறகு மருத்துவர், அதற்குப் பிறகு இந்த அத்தியாயத்தின் கேள்விகள்.